நாலு பக்கமும் கரை: பரங்கிப்பேட்டைக் கழியில் ஒரு திட்டின் கணக்கு

2022 ஜூன் மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் ஆபீசுக்கு ஒருவர் வந்தார். புதுச்சேரிக்காரர், வயது அறுபத்து மூன்று, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு என்று சொன்னால் போதும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையில் ஒரு பட்டா நகலும் போனில் நூறு படங்களும் வைத்திருந்தார். பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே உப்பங்கழிக்குள் ஒரு திட்டு. விலை 55 லட்சம். "தம்பி, வீடு கட்ட எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

கட்டடத்துக்கு எஸ்டிமேட் போடுவதுதான் என் தொழில். அதனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் மறைத்த "மத்தது" என்ன என்று பார்க்கப் போய் நான்கு மாதம் ஓடிவிட்டது. அந்த நான்கு மாதக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் அனுமதியோடுதான். ஆளையும் இடத்தையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மழுப்பியிருக்கிறேன்.

ஆசை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பணிக்காலத்தில் சில வருடம் பசிபிக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தஹிதித் தீவில் இருந்திருக்கிறார். அங்கிருந்து படகில் போகிற தூரத்தில் உள்ள தெதியாரோவா தீவை நடிகர் மார்லன் பிராண்டோ 1960களில் வாங்கிய கதை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம். அப்புறம் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சனின் நெக்கர் தீவு. 1978-இல் 1,80,000 டாலருக்கு வாங்கினார் என்பதை அண்ணன் (அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) மனப்பாடமாகச் சொல்வார். அதை ஆள் இருக்கத் தகுந்த இடமாக்க ஏறக்குறைய ஒரு கோடி டாலர் செலவானது என்பதைச் சொல்லமாட்டார். வாங்கிய விலையைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். அந்தத் தீவின் பெரிய வீடு 2011-இல் மின்னல் தாக்கி எரிந்தது, 2017-இல் இர்மா புயல் மறுபடியும் புரட்டிப் போட்டது. இதை நான் எடுத்துச் சொன்னபோது, "அவனுக்கு இன்சூரன்ஸ் இருந்திருக்கும்" என்றார்.

பட்டாவில் இருந்தது, தரையில் இருந்தது

பட்டாவில் 3.40 ஏக்கர், புஞ்சை. வில்லங்கச் சான்று சுத்தம். அ-பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) புல வரைபடமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. கரையோர நிலங்களில் இதுவே அதிசயம். எண்பதுகளில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலையில் எத்தனை பேர் நிலம் பக்கத்து சர்வே எண்ணுக்குப் போய் உட்கார்ந்தது என்று பத்திர எழுத்தர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால் திட்டில் இறங்கி அளந்தபோது, ஏற்றத் தண்ணீர் தொடாத மேடு நீளம் 180 மீட்டர், அகலம் 70 மீட்டர். 12,600 சதுர மீட்டர், அதாவது 3.11 ஏக்கர். மீதி 29 சென்ட் எங்கே? மேற்குக் கரையை நீரோட்டம் அரித்துக்கொண்டு போயிருக்கிறது. பழைய எல்லைக் கல்லில் ஒன்று இடுப்பளவு தண்ணீருக்குள் நிற்கிறது. விற்பவர் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் வருடா வருடம் கிஸ்தி கட்டி வந்திருக்கிறார்.

கிழக்குப் பக்கம் நேர்மாறு. சேறு சேர்ந்து, அதில் அலையாத்தி முளைத்து, திட்டு வளர்ந்திருந்தது. "அதுவும் நமக்குத்தானே, நம்ம நிலத்தை ஒட்டித்தானே வளருது" என்றார் அண்ணன். இல்லை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி உயர் ஓதக் கோட்டுக்கு, அதாவது ஏற்றத் தண்ணீர் எட்டும் உச்ச எல்லைக்குக் கீழே உள்ள கழிப்படுகை அரசுடையது. மேற்கே போனது அவர் கணக்கில் நஷ்டம், கிழக்கே வந்தது அரசு கணக்கில் வரவு.

திட்டின் நடுவே ஒரு பெரிய பள்ளம். 1990களில் இறால் வளர்க்க வெட்டிய குட்டை. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சமயத்தில் கைவிட்டிருக்கிறார்கள். அந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாலே கரிக்கிறது. தென்னை வைத்துத் தேங்காய் விற்கலாம் என்று தரகர் கொடுத்த வருமானக் கணக்கை அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டோம்.

இருபது மீட்டரா, நூறு மீட்டரா

இந்தக் கதையின் முதுகெலும்பு இந்தப் பகுதிதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஊருக்குள் ஒரு மனை வாங்கினால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பது ஒரு பக்கத்து விவகாரம். கடல் இருக்கிற பக்கம் இத்தனை மீட்டர் விடு, மீதியில் கட்டு. திட்டுக்கு எல்லாப் பக்கமும் கரை. விதி ஒவ்வொரு கரையிலிருந்தும் உள்நோக்கி வரும். நாலு பக்கமும் வெட்டினால் நடுவில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

தரகர் ஒரு அச்சடித்த தாளோடு வந்தார். 2019 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு. உப்பங்கழிக்குள் இருக்கும் தீவுகளுக்கு உயர் ஓதக் கோட்டிலிருந்து 20 மீட்டர் விட்டால் போதும் என்கிறது. "இருபதே மீட்டர்தான் சார்." சரி, அதன்படியே போட்டுப் பார்த்தோம். 180-இல் 40 போக 140. 70-இல் 40 போக 30. மொத்தம் 4,200 சதுர மீட்டர், ஒரு ஏக்கருக்குச் சற்று மேல். மூன்று ஏக்கருக்குப் பணம் கொடுத்து ஒரு ஏக்கரைப் பயன்படுத்தலாம். அதிலும் பாதி அந்த இறால் குட்டை.

ஆனால் அதே அறிவிப்பில், அதற்கேற்ற கடலோர மேலாண்மை வரைபடம் தயாராகி ஒப்புதல் பெறும்வரை பழைய 2011 அறிவிப்பே நடப்பில் இருக்கும் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தரகர் அச்சடிக்கவில்லை. 2022-இல் நம் மாவட்டத்துக்குப் புது வரைபடம் வரவில்லை. 2011-இன் படி ஓதம் ஏறி இறங்கும் கழியோரத்தில் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. மேற்குக் கழியின் அகலம் 45 மீட்டர், கிழக்கே 90. திட்டின் அகலமே 70 தான். கழித்துப் பார்க்கத் தாள் எதற்கு? ஒரு செங்கல்கூட வைக்க இடமில்லை.

அங்கே ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது, முந்நூறு சதுர அடி இருக்கும். "அதைப் பெரிசாக்கிக்கலாமே" என்பது அடுத்த யோசனை. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதே அளவில் திரும்பக் கட்டலாம். அதுவும் முறையான அனுமதியோடு கட்டிய வீடாக இருந்தால். வீட்டு வரி ரசீது ஒன்றுகூட விற்பவரிடம் இல்லை. குட்டையைக் காவல் காக்கப் போட்ட கொட்டகை அது.

அப்புறம் அந்த அலையாத்தி. 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. டேப் பிடித்து அளந்தோம். 860. அண்ணன் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். எனக்கு வரவில்லை. வளர்கிற மரத்தை இன்று அளந்து என்ன பயன்?

நாங்கள் இப்படி மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோதுதான் செப்டம்பரில் கேரளச் செய்தி வந்தது. வேம்பநாட்டு ஏரியில் நெடியதுருத்துத் தீவில் கட்டிய சொகுசு விடுதியை இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். 54 வில்லாக்கள். கடற்கரை விதியை மீறியது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டிருந்தது. கூரையைப் பிரிக்கிற வீடியோவை அண்ணனே எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

வாங்குகிறவர் யார்

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், என் தப்பு. அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், கையில் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது). அந்த அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வாரிசு உரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். பட்டாவில் "புஞ்சை" என்று இருக்கிறவரை அந்தத் திட்டு அவருக்கு இல்லை.

வில்லியனூரில் இருக்கும் மைத்துனர் பேரில் வாங்கிவிடலாம் என்றார். புதுச்சேரியில் இது ரொம்பச் சாதாரணமாகப் பேசப்படுகிற யோசனை. 2016-இல் திருத்திய பினாமிச் சட்டத்தில் ஒரு வருடம் முதல் ஏழு வருடம்வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம்வரை அபராதம், சொத்தும் பறிமுதல். மைத்துனருக்கும் சேர்த்துத்தான். சட்டத்தை விடுங்கள், நாளை மைத்துனரின் பிள்ளைகள் "இது எங்கப்பா சொத்து" என்றால் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? இந்தக் கேள்விக்குத்தான் அவர் முகம் மாறியது.

சரி, கட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம்

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் "எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வி பாக்கி இருந்தது. அனுமதி கிடைத்ததாக வைத்துக்கொண்டு முழு எஸ்டிமேட் போட்டேன். இவ்வளவு ரசித்துப் போட்ட எஸ்டிமேட் வேறு எதுவும் இல்லை, அதை ஒளிப்பானேன்.

900 சதுர அடி, தூண்மேல் தூக்கிய ஒரே தளம். தூக்காமல் இங்கே கட்டக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று பிச்சாவரம் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குடியிருப்பை அலை துடைத்துப் போட்டது. பிழைத்தவர்கள் நிலப்பரப்புக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் அளந்து கொண்டிருந்த அதே 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடிக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். கடலும் வரும், ஆறும் வரும் என்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தளமட்டம் வைக்க வேண்டும்.

சிமென்ட் 360 மூட்டை, எம்-சாண்ட் பதினாறு யூனிட், ஜல்லி பன்னிரண்டு யூனிட், செங்கல், கம்பி எல்லாம் சேர்த்து எடை 200 டன்னைத் தொடும். அங்கே போகிற பெரிய படகு ஒரு நடைக்கு ஒன்றரை டன் ஏற்றும். 130 நடைக்கு மேல். தண்ணீர் இறங்கும் வற்ற நேரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும் என்பதால் ஒரு நாளில் நாலைந்து நடைதான் நடக்கும். லாரியிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து திட்டுக்கு, அங்கிருந்து வேலையிடத்துக்கு என்று ஒரே செங்கல்லை நாலு தடவை கையால் எடுக்க வேண்டும். சித்தாள் கூலி நாலு தடவை.

தண்ணீர் விஷயம் இன்னும் வேடிக்கை. சுற்றிலும் தண்ணீர், கலவைக்கு ஒரு வாளி கிடையாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உபயோகிக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். கழித் தண்ணீரை ஊற்றிக் கட்டினால் சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பிதுங்கி, கூரை கழன்று விழும். மூட்டைக்கு 22 லிட்டர் வீதம் கலவைக்கே 8,000 லிட்டர், நீராற்றுக்கு (கட்டியதை நனைத்து இறுக வைக்க) அதைப்போல் பல மடங்கு. அத்தனையும் டிரம்மில் அக்கரையிலிருந்து வர வேண்டும். கடற்காற்று என்பதால் எம்-30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் மறைப்பு. ஊருக்குள் அன்றைக்குச் சதுர அடி 2,200 ரூபாய்க்குக் கட்டித்தருவேன். இங்கே 3,600-க்குக் கீழே வரவில்லை. 32.4 லட்சம்.

குடிக்க? ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று ஒரு ரிக் முதலாளி ஆசை காட்டினார். இந்த மாதிரித் திட்டில் மழைத் தண்ணீர் மெல்லிய ஏடுபோல உப்புத் தண்ணீர்மேல் மிதக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும் என்பது பொதுவான கணக்கு. மோட்டார் போட்டு உறிஞ்சினால் ஒரே கோடையில் முடிந்தது. மழைநீர்தான் வழி. 900 சதுர அடிக் கூரை, வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் மழை, வீண்போனது போக 80,000 லிட்டர் பிடிக்கலாம். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஐந்து மாதம் வராது. பெரும்பாலான மழை ஐப்பசி கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டுவதால் 60,000 லிட்டர் தொட்டி வேண்டும், 5 லட்சம். பற்றாக்குறைக்கு உப்பு நீக்கும் சின்ன ஆர்.ஓ., 2.5 லட்சம். அது கரண்டைத் தின்னும்.

கரண்டுக்கு 3 கிலோவாட் சோலார், பேட்டரியோடு 3.6 லட்சம். நல்ல வெயிலில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட். அண்ணனுக்கு ராத்திரி முழுக்க ஏ.சி. வேண்டும், அதற்கே பத்து யூனிட். "ஃபிரிட்ஜா ஏ.சி.யா, ஒண்ணைச் சொல்லுங்க அண்ணே" என்றேன், சிரித்தார். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவன் நான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கூரைமேல் பேனல் வைக்கச் சொல்லும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

செப்டிக் டேங்க் என்று வரைபடத்தில் எழுதிவிட்டு ஒரு நாள் கழித்துத்தான் உறைத்தது. நிரம்பினால் உறிஞ்ச லாரி எப்படி வரும்?

படகுத்துறை 6 லட்சம், ஃபைபர் படகும் மோட்டாரும் 4.2 லட்சம். இதைவிட யாரும் யோசிக்காத ஒன்று, அக்கரையில் ஒரு பத்து சென்ட். காரை எங்கே நிறுத்துவது, படகை எங்கே கட்டுவது? பொது இறங்குதுறை மீனவர்களுடையது. தீவு வாங்குகிறவர் இரண்டு சொத்து வாங்க வேண்டும். அந்தப் பத்து சென்ட் 8 லட்சம், சென்ட் விலையில் திட்டைப்போல் ஐந்து மடங்கு.

மேலே சொன்ன செலவெல்லாம் திட்டின் கிரயத்தோடு, அன்றைய 7 சதவீத முத்திரைத் தீர்வை, 4 சதவீதப் பதிவுக் கட்டணம் என 6.05 லட்சமும் சேர்ந்து (2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது) மொத்தம் 1 கோடியே 22 லட்சத்து 75 ஆயிரம். மேற்குக் கரைக்குக் கல் கொட்டினால் இன்னும் 21.6 லட்சம். அதற்குத் தனி அனுமதி. கொட்டினால் அரிப்பு எதிர்க்கரைக்குப் போகும், எதிர்க்கரையில் இருக்கிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

வருடச் செலவுதான் அண்ணனை உண்மையில் அசைத்தது. காவலுக்கு ஒருவரைத் தனியாக விட முடியாது. பாம்பு கடித்தால் படகு ஓட்ட இன்னொரு கை வேண்டும், அண்ணாமலைநகர் ஆஸ்பத்திரிதான் கதி. இரண்டு பேர், ஆளுக்கு 14,000 சம்பளம், வருடம் 3.36 லட்சம். படகும் எண்ணெயும் 1.1, வர்ணம், துரு, கதவு, ஜன்னல் 1.5, பேட்டரி மாற்ற ஒதுக்குவது 0.6, இன்சூரன்சும் சில்லறையும் 0.5. மொத்தம் 7.06 லட்சம். வருடத்தில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்றேன். நாற்பது நாள் என்றார். வகுத்துக் காட்டினேன், ஒரு நாளைக்கு 17,650 ரூபாய். "இந்தக் காசுக்கு ஒயிட் டவுன்ல பெரிய ஓட்டல்லயே தங்கலாமே" என்று அவரே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

காலித் திட்டு என்று ஒன்று இல்லை

அக்கரை மீனவர் ஊரில் தலைவரைப் பார்க்கப் போனோம். பஞ்சாயத்தார் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது. "வாங்குங்க சார், வேணாங்கல. வடக்கு முனையில எங்க ஆளுங்க வலை காயப் போடுவாங்க. வாடைக் காத்து தூக்கினா படகை அங்கதான் ஒதுக்குவோம். எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான்" என்றார் தலைவர். மிரட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான். கிழக்குச் சேற்றில் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். கூடையை வாயில் கவ்வியிருப்பார்கள். அது அவர்கள் அன்றாடச் சாப்பாடு. பட்டாவில் இதெல்லாம் எழுதியிருக்காது. வேலி போட்ட மறுநாளிலிருந்து நாம் யாரோடு வாழ வேண்டியிருக்கும் என்பது இங்கேதான் தெரிந்தது.

அண்ணன் அன்று திரும்பும்போது ஒன்று சொன்னார். தஹிதியில் இருந்தபோது, வெள்ளைக்காரர் யாராவது தீவு வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த ஊர்க்காரர்கள் முகம் எப்படி இருக்கும் என்று கவனித்திருக்கிறாராம். இங்கே தலைவர் முகமும் அதேதான் என்றார்.

அக்டோபரில் வேண்டாம் என்று விற்பவரிடம் சொன்னோம். ஒரு லட்சம் முன்பணம் கொடுத்திருந்தார், அதில் அறுபதாயிரம் திரும்பி வந்தது. என் ஃபீஸ், சர்வேயர், வக்கீல் எல்லாம் சேர்த்து இன்னொரு முக்கால் லட்சம். திட்டு இன்னும் விற்கவில்லை.

தை மாதம் அவர் புதுச்சேரிக்கு வரும்போதெல்லாம் ஒரு நாள் படகு எடுத்துக்கொண்டு அங்கே போகிறோம். வாடகை 1,500, மதியத்துக்கு நண்டுக் குழம்போடு சாப்பாடு படகுக்காரர் வீட்டிலிருந்து. ஓட்டு வீட்டின் கூரை ஃபெஞ்சல் புயலில் போய்விட்டது, சுவர் மட்டும் நிற்கிறது. போன தையில் போனபோது கையில் டேப் இருந்ததால் கிழக்குப் பக்கத்து அலையாத்தியை மறுபடி அளந்தேன். 1,040 சதுர மீட்டர்.